முதுகலைக் கணக்கியல் ஆய்வைத் தனியாகச் செய்கிறேன்: இந்தத் தலைப்பு தாங்குமா?

நிலுவை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். முதுகலைக் கணக்கியலில் கடைசி ஆண்டு. வகுப்பு எதுவும் இல்லாமல் முழுக்க நானே தேர்ந்தெடுத்து நானே நடத்த வேண்டிய ஆய்வுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வழிகாட்டி இருக்கிறார், ஆனால் மாதத்துக்கு ஒருமுறைதான் சந்திப்பு. நான் கொடுத்த தலைப்பு: "சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள் நிதி அறிக்கைகளின் தரத்தில் ஏற்படுத்திய தாக்கம்". படித்துவிட்டு "ரொம்பப் பெரிது, சுருக்குங்கள்" என்று மட்டும் சொன்னார். எந்தப் பக்கம் சுருக்குவது என்றுதான் புரியவில்லை.

காசு கட்டிப் பார்க்கும் தரவுத்தளம் எதற்கும் எனக்கு வழி இல்லை. கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. எக்செல் நன்றாக வரும், ஆர் மென்பொருள் கொஞ்சம் பழக்கம். குத்தகைக் கணக்கு, தணிக்கை அறிக்கை, லாபத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டுவது ஆகிய மூன்றிலும் ஆர்வம் உண்டு. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

பேரேடு:

உங்கள் தலைப்பில் கேள்வியே இல்லை, துறைதான் இருக்கிறது. "தரம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? லாபத்துக்கும் பங்கு விலைக்கும் உள்ள தொடர்பா, நஷ்டத்தை எவ்வளவு சீக்கிரம் கணக்கில் காட்டுகிறார்கள் என்பதா, பங்குச் சந்தையில் வாங்கி விற்பது எளிதாகிறதா? ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வேறு. ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே குவியல் குவியலாகக் கட்டுரைகள் இருக்கின்றன.

"தாக்கம்" என்ற சொல் அதைவிடச் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2005-ல் இந்தத் தரநிலைகள் கட்டாயமானபோது ஆய்வாளர்கள் பலர் முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். பங்குச் சந்தையில் நல்ல மாற்றம் தெரிந்தது. பின்னால் கிறிஸ்டென்சன், ஹெயில், லோய்ஸ் ஆகிய மூவரும் 2013-ல் வெளியிட்ட கட்டுரையில், அந்த நன்மை பெரும்பாலும் அதே சமயத்தில் கண்காணிப்பையும் கடுமையாக்கிய நாடுகளில்தான் தெரிகிறது என்று காட்டினார்கள். அதாவது தரநிலையின் பலன் எது, கண்காணிப்பின் பலன் எது என்று பிரிப்பதே அத்தனை கடினம். தரவுத்தளமும் உதவி ஆய்வாளர்களும் உள்ளவர்களுக்கே அப்படி என்றால், தனியாக ஒருவர் முதுகலைக் காலத்துக்குள் அதை முடிக்கவே முடியாது.

என் யோசனை: ஒரு தரநிலை, ஒரு தேதி, கணக்கில் ஒரு வரி. அந்த மூன்றையும் முதலில் பிடியுங்கள். குத்தகையில் ஆர்வம் என்கிறீர்கள், நல்லது. ஐஎஃப்ஆர்எஸ் 16, அதாவது இந்தச் சர்வதேசத் தரநிலைகளில் குத்தகைக்கானது, நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1-ல் அல்லது அதற்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளுக்கு. அதற்கு முன் ஐஏஎஸ் 17 என்ற பழைய தரநிலையின் காலத்தில் செயல்பாட்டுக் குத்தகை (வெறும் வாடகை போன்றது) இருப்புநிலைக் குறிப்பில் ஏறவே ஏறாது, வாடகை செலவாகப் போய்விடும். எதிர்காலத்தில் கட்ட வேண்டிய தொகை கணக்குக் குறிப்புகளில் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும். 2019-க்குப் பிறகு பயன்பாட்டு உரிமை ஒரு சொத்து, கட்ட வேண்டியது ஒரு பொறுப்பு. வாடகைச் செலவு மறைந்து தேய்மானமும் வட்டியும் வருகின்றன. தொழிலில் ஒன்றுமே மாறாமல் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) உயர்ந்துவிடும். குத்தகைத் தொகையில் அசல் பகுதி நிதிநடவடிக்கைப் பணப்புழக்கத்துக்குப் போவதால் செயல்பாட்டுப் பணப்புழக்கமும் கூடித் தெரியும்.

இதில் உங்களுக்கு ஏற்ற இடம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஆய்வேடுகள் "கடன் விகிதம் எவ்வளவு ஏறியது" என்று கணக்குப் போட்டு நின்றுவிடுகின்றன. ஏறும் என்பது தரநிலையைப் படித்தாலே தெரியும், அதற்கு ஆய்வு தேவையில்லை. ஆனால் தரநிலையின் பின்னிணைப்பு சி-யில் 12-ஆம் பத்தி என்று ஒன்று உண்டு. முந்தைய ஆண்டுகளைத் திருத்தாமல் மாறும் எளிய முறையைத் தேர்ந்தெடுத்த கம்பெனி இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, பொறுப்பைக் கணக்கிடப் பயன்படுத்திய கடன் வட்டி வீதத்தின் எடையிட்ட சராசரி. இரண்டு, பழைய குறிப்பில் காட்டிய குத்தகைக் கடப்பாட்டின் இன்றைய மதிப்புக்கும் புதிதாக ஏற்றிய பொறுப்புக்கும் வேறுபாடு இருந்தால் அதற்கான விளக்கம்.

அந்த வேறுபாட்டைப் படியுங்கள். பழைய குறிப்பில் ரத்து செய்ய முடியாத காலத்துக்கான தொகை மட்டும்தான் இருக்கும். புதிய தரநிலையில் நீட்டிப்பு உரிமையைப் பயன்படுத்துவது ஏறத்தாழ நிச்சயம் என்றால் அந்தக் காலமும் சேரும், பொறுப்பு கூடும். 12 மாதத்துக்கு மிகாத குத்தகை, சிறு மதிப்புள்ள பொருளின் குத்தகை இவற்றை விட்டுவிடலாம், பொறுப்பு குறையும். விற்பனையில் இத்தனை சதவீதம் என்று கட்டும் வாடகை பொறுப்புக்குள் வராது. இந்த முடிவுகளில் பலவற்றில் நிர்வாகத்தின் தீர்ப்பு கலந்திருக்கிறது. எங்கே தீர்ப்பு இருக்கிறதோ அங்கே கணக்கியல் ஆய்வுக்கு வேலை இருக்கிறது. இந்தத் தரவை எந்தத் தரவுத்தளத்திலும் முழுதாக எதிர்பார்க்க முடியாது, ஆண்டறிக்கையைத் திறந்து கையால் எடுக்க வேண்டும். உங்களிடம் தரவுத்தளம் இல்லாதது இங்கே பெரிய குறையாகவே இருக்காது.

சராசரி:

கையால் எடுப்பது நல்ல யோசனைதான், ஆனால் நேரம் தின்னும். லாபத்தைக் கூட்டிக் குறைப்பது பற்றிச் செய்தால் அதை அளக்கும் ஜோன்ஸ் மாதிரி என்ற புள்ளியியல் முறை தயாராக இருக்கிறதே. சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்தது, ஆர்-ல் ஒரு ரிக்ரஷன் (மாறிகளுக்கிடையே உள்ள தொடர்பைக் கணிக்கும் கணக்கு) ஓட்டினால் போதும். தேர்வாளர்களுக்கும் பழக்கமான முறை.

பேரேடு:

அந்த மாதிரியைப் பயன்படுத்துவதற்கு முன் அது பிறந்த இடத்தைப் பாருங்கள் என்பேன். ஜோன்ஸ் 1991-ல் அதைக் கட்டியபோது கையில் ஒரு கூர்மையான சூழல் இருந்தது. இறக்குமதியால் பாதிக்கப்பட்டோம் என்று சொல்லி அரசிடம் பாதுகாப்புக் கேட்கும் அமெரிக்கக் கம்பெனிகள், விசாரணை நடக்கும் காலத்தில் லாபத்தைக் குறைத்துக் காட்டுகின்றனவா என்பதே கேள்வி. யார் செய்வார், எப்போது செய்வார், எந்தத் திசையில் செய்வார் என்று மூன்றும் முன்கூட்டியே தெரியும். அப்படி ஒரு சூழல் இருந்ததால்தான் அந்த அளவுகோலுக்குப் பொருள் வந்தது.

இப்போது என்ன நடக்கிறது? சூழலை விட்டுவிட்டு எச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பணமாகக் கைமாறாமல் கணக்கில் ஏறிய தொகைகளில் விற்பனை வளர்ச்சியும் நிலையான சொத்துகளும் விளக்காத மிச்சம் எல்லாம் "மோசடி வாடை" என்று வாசிக்கப்படுகிறது. டெச்சோவ், ஸ்லோன், ஸ்வீனி 1995-லேயே இந்த மாதிரிகளைச் சோதித்து, நிதிநிலை அசாதாரணமாக இருக்கும் கம்பெனிகளில் இவை தவறாக மணியடிக்கும் என்று காட்டிவிட்டார்கள். அதனால்தான் 2005-ல் கோத்தாரி, லியோன், வாஸ்லி மூவரும் லாபநிலை ஒத்த கம்பெனியோடு சேர்த்து ஒப்பிடும் முறையை முன்வைத்தார்கள். இன்னொரு நடைமுறைச் சிக்கல்: வழக்கமாக இந்த ரிக்ரஷனை ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். சின்னச் சந்தை என்றால் ஒரு தொழிலில் ஏழெட்டுக் கம்பெனிகள்தான் இருக்கும். அதில் வரும் கெழுவை, அதாவது ஒரு மாறியின் விளைவைக் காட்டும் எண்ணை, யாரும் நம்ப முடியாது.

நிலுவைக்குக் கூர்மையான சூழல் ஒன்று கிடைத்தால் ஜோன்ஸ் மாதிரியைத் தாராளமாக எடுக்கட்டும். சூத்திரம் தயாராக இருக்கிறது என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது.

சராசரி:

சூழல் பற்றிச் சொன்னது ஏற்கக்கூடியது. ஆனாலும் என் கவலை வேறு. குறிப்புகளைத் தொகுத்து வேறுபாட்டைப் பட்டியலிட்டால் அது விவரிப்பு. தேர்வாளர் கோட்பாடு எங்கே, கருதுகோள் எங்கே என்று கேட்பார். அதற்கு என்ன பதில்?

தணிக்கைத்தடம்:

நான் தணிக்கைப் பக்கம் ஆய்வு செய்தவள், அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன். விவரிப்பைக் குறைவாக நினைக்கும் பழக்கம் நம் துறையில் அதிகம். நல்ல விவரிப்பு இல்லாமல் நல்ல கருதுகோள் பிறக்காது.

நிலுவை, தணிக்கை அறிக்கையிலும் ஆர்வம் என்று எழுதியிருந்தீர்கள். 2016 டிசம்பர் 15-ல் அல்லது அதற்குப் பிறகு முடியும் காலங்களுக்கு ஐஎஸ்ஏ 701 என்ற சர்வதேசத் தணிக்கைத் தரநிலை வந்தது. பட்டியலிட்ட கம்பெனியின் தணிக்கையாளர், அந்த ஆண்டுத் தணிக்கையில் தன் கவனத்தை அதிகம் எடுத்த விஷயங்கள் எவை, அவற்றுக்கு என்ன செய்தார் என்று அறிக்கையிலேயே எழுத வேண்டும். அதற்கு முன் அந்த அறிக்கை பெரும்பாலும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசகம். இப்போது ஒரே கம்பெனியின் ஐந்தாறு ஆண்டு அறிக்கைகளை வரிசையாக அடுக்கிப் படித்தால் பல கேள்விகள் தானாக எழும். எந்த விஷயம் ஒவ்வோர் ஆண்டும் அதே வாசகத்தோடு திரும்ப வருகிறது? எது திடீரென்று காணாமல் போகிறது? தணிக்கையாளர் மாறிய ஆண்டில் பட்டியல் மாறுகிறதா? கடைசிக் கேள்வி ஒன்றே ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதும்.

எச்சரிக்கை ஒன்று. எழுத்தைக் கணினியில் போட்டு எதிர்மறைச் சொற்களை எண்ணிவிடலாம் என்று இறங்காதீர்கள். லோக்ரன், மெக்டொனால்ட் இருவரும் 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பொதுப் பயன்பாட்டுக்கென்று உருவான ஹார்வர்டு சொற்பட்டியலை வைத்துக் கம்பெனி அறிக்கைகளை எண்ணினால், எதிர்மறை என்று கணக்கில் வரும் சொற்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிதித் துறையில் எதிர்மறையே இல்லை என்று அதில் காட்டினார்கள். வரி, செலவு, பொறுப்பு, மூலதனம் எல்லாம் அந்தப் பட்டியலில் கெட்ட சொற்கள்! கணக்கு அறிக்கையில் செலவு என்ற சொல் இல்லாமல் எப்படி எழுதுவது? முதலில் கண்ணால் படியுங்கள், கருவி பிறகு வரட்டும்.

நேர்காணல் செய்ய நினைத்தால் இரண்டே வார்த்தை. நெறிமுறைக் குழுவின் அனுமதியை யாரிடமும் பேசுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், பின்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள். அப்புறம், "நீங்கள் சுதந்திரமாகச் செயல்படுகிறீர்களா" என்ற மாதிரிக் கேள்விக்கு "ஆம்" தவிர வேறு பதில் வராது. பொதுவெளியில் உள்ள ஓர் அறிக்கையின் ஒரு பத்தியை முன்னால் வைத்து "இப்படி ஒரு பத்தியை எழுதும் முடிவு எப்படி நடக்கும்" என்று கேளுங்கள். அப்போதுதான் வேலை நடக்கும் விதம் வெளியே வரும்.

பேரேடு:

சராசரியின் கேள்விக்கு என் பதில். கோட்பாடு வேண்டும், ஆனால் அதை ஆய்வின் மேல் ஒட்டக் கூடாது. வாட்ஸ், ஜிம்மர்மன் 1978 முதல் கட்டி எழுப்பிய வாதத்தை எடுங்கள்: கணக்கு முறையைத் தேர்ந்தெடுப்பதில் நிர்வாகத்துக்குக் காரணங்கள் உண்டு. போனஸ், கடன் நிபந்தனை, அரசியல் கவனம் என்று மூன்றாகச் சொல்வார்கள். அதைக் குத்தகைக்குக் கொண்டுவந்தால், கடன் சுமை ஏற்கெனவே கூடுதலாக உள்ள கம்பெனி நீட்டிப்பு உரிமையைச் சேர்க்கத் தயங்குமா, விலக்குகளை அதிகம் பயன்படுத்துமா என்று கேட்கலாம். இது சோதிக்கக்கூடிய கருதுகோள்.

உடனே எதிர்வாதமும் இருக்கிறது. பல கடன் ஒப்பந்தங்களில், கணக்குத் தரநிலை மாறினாலும் பழைய முறையிலேயே விகிதத்தைக் கணக்கிடுவோம் என்று ஒரு ஷரத்து இருக்கும். அப்படி இருந்தால் கடன் நிபந்தனைக்குப் பயந்து பொறுப்பைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்போது கருதுகோள் பொய்க்கும். இந்த எதிர்வாதத்தையும் ஆய்வேட்டிலேயே எழுதினால், முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் உங்களிடம் சொல்ல விஷயம் இருக்கும். "தொடர்பு தெரியவில்லை" என்ற முடிவைக் கண்டு பயப்படவே வேண்டாம். பயந்து, புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும் நட்சத்திரக் குறி வரும்வரை மாறிகளை மாற்றிக்கொண்டே போவதுதான் ஆய்வைக் கெடுக்கும்.

நிலுவை:

மூவருக்கும் நன்றி. குத்தகைப் பக்கம் போகலாம் என்று மனம் சாய்கிறது. இரண்டு சந்தேகம். எத்தனை கம்பெனி எடுக்க வேண்டும்? கையால் எடுத்த தரவைத் தேர்வாளர் எப்படி நம்புவார்?

குறிப்பேடு:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் பலர் கடைசிவரை யோசிப்பதில்லை.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்க எண் வேண்டும். எக்செல் தாளில் கம்பெனி, ஆண்டு, எண், எந்த அறிக்கை, எந்தப் பக்கம், எந்தக் குறிப்பு, அறிக்கையில் இருந்த அலகு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி நெடுவரிசை. ஒரு கம்பெனி ஆயிரத்தில் எழுதும், இன்னொன்று மில்லியனில் எழுதும், சில கம்பெனிகள் நடுவில் அலகை மாற்றும். அறிக்கையில் உள்ளதை உள்ளபடியே ஒரு நெடுவரிசையில் பதிந்துவிட்டு, மாற்றிய எண்ணை அடுத்ததில் சூத்திரத்தால் வரவழையுங்கள். மூல எண்ணின் மேல் ஒருபோதும் எழுத வேண்டாம். பதிவிறக்கிய பிடிஎஃப் அனைத்தையும் வைத்திருங்கள், கம்பெனி இணையதளத்தை மாற்றினால் பழைய அறிக்கை போய்விடும்.

விளக்கங்களை வகைப்படுத்தும்போது உங்கள் தீர்ப்பு கலக்கும். அதனால் வகைகளுக்கு விதி எழுதிவைத்து, ஒரு பகுதியை இன்னொருவரிடம் கொடுத்து அதே விதிப்படி வகைப்படுத்தச் சொல்லுங்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்பதைக் கோஹென் காப்பா என்ற அளவால் சொல்லலாம். ஆள் கிடைக்காவிட்டால், கொஞ்ச காலம் கழித்து முதல் முடிவைப் பார்க்காமல் நீங்களே மறுபடி செய்து ஒப்பிடுங்கள். இது இரண்டாம்தரம்தான், ஆனால் ஒன்றும் இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

இதில் நான் இத்தனை பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தணிக்கை அலுவலகங்களில் நடத்தியதாகச் சொன்ன ஒரு களச் சோதனை 2010-ல் தி அக்கவுண்டிங் ரிவ்யூ என்ற முதன்மையான இதழில் வந்தது. 2012-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு பல்கலைக்கழகம் விசாரித்து, ஆய்வாளர் தரவைப் புனைந்ததாக முடிவு செய்தது. அதே ஆய்வாளரின் வேறு பல கட்டுரைகளும் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. கணக்கியல் என்பதே ஆதாரம் கேட்கும் தொழில். ரசீது இல்லாத செலவை நாம் ஏற்கமாட்டோம், நம் ஆய்விலும் அதே அளவுகோல் இருக்க வேண்டும்.

பேரேடு:

குறிப்பேடு எழுதியதை அப்படியே அச்சிட்டு மேசையில் ஒட்டலாம்.

எத்தனை கம்பெனி என்பதற்கு ஒரே எண் கிடையாது. கேள்வியைப் பொறுத்தது. மாறிகள் நான்கைந்து வைத்து ரிக்ரஷன் ஓட்டுவதாக இருந்தால் முப்பது நாற்பது கம்பெனி போதாது, சின்ன விளைவுகள் கண்ணில் படாமலே போய்விடும். ஆழமாக விளக்கங்களைப் படிப்பதாக இருந்தால் ஒரே தொழிலில் இருபது கம்பெனி கூடச் செழிப்பான தரவு. சில்லறை விற்பனையும் விமானப் போக்குவரத்தும் குத்தகை அதிகம் உள்ள தொழில்கள், அங்கே தொடங்கலாம். வங்கிகளைச் சேர்க்காதீர்கள். அவற்றுக்குக் கடன்தான் தொழிலே, அதனால் கடன் விகிதத்தின் பொருள் வேறு.

பட்டியலை எந்தத் தேதியின்படி எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இன்று சந்தையில் இருக்கும் கம்பெனிகளை எடுத்து 2019-க்குப் பின்னோக்கிப் போனால், நடுவில் மூழ்கியவையும் இணைக்கப்பட்டவையும் விடுபட்டுவிடும். குத்தகைச் சுமை தாங்காமல் போன கம்பெனிகளே விடுபட்டால் உங்கள் முடிவு ஒரு பக்கமாகச் சாயும். 2018 முடிவில் இருந்த பட்டியலை எடுங்கள்.

தணிக்கைத்தடம்:

ஒன்று சேர்க்கிறேன். மாதம் ஒரு சந்திப்புதான் என்றால், ஒவ்வொரு சந்திப்புக்கும் முன் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். என்ன முடிவு எடுத்தேன், ஏன், எதில் மாட்டியிருக்கிறேன். வெறும் கையோடு போனால் பேச்சு பொதுவாகவே போய் முடியும். முறையியல் அத்தியாயத்தை முதலில் எழுதத் தொடங்குங்கள், முன்னாய்வு அத்தியாயம் கூடவே வளரட்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் மேற்கோள் பட்டியல் கேட்டு வாங்க வேண்டாம். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் போட்டுத் தருகின்றன. நீங்கள் திறந்து படித்த கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டுங்கள்.

சராசரி:

நானும் இப்போது குத்தகைப் பக்கம்தான். கெழுக்கள் எவ்வளவு தடுமாறலாம் என்று காட்டும் நிலைப்பிழையைக் கணக்கிடும்போது மட்டும் கவனம். ஒரே கம்பெனி பல ஆண்டுகள் வந்தால் அந்த வரிகள் ஒன்றுக்கொன்று சார்புடையவை, கம்பெனிவாரியாகக் கொத்தாக்கிக் கணக்கிட வேண்டும். பீட்டர்சன் 2009-ல் எழுதிய கட்டுரை இதற்குத் தெளிவான வழிகாட்டி. மாறும் ஆண்டு ஒன்றை மட்டும் எடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

நிலுவை:

சில்லறை விற்பனைக் கம்பெனிகளின் அறிக்கைகளைச் சிலவற்றைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். எதிர்பார்க்காத ஒன்று தெரிகிறது. சில கம்பெனிகள் வேறுபாட்டை அட்டவணையாகப் போட்டு, நீட்டிப்பு உரிமைக்கு இவ்வளவு, குறுகியகாலக் குத்தகைக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டுகின்றன. சில கம்பெனிகள் இரண்டு வரி வாசகத்தோடு முடித்துவிட்டன. "விளக்கம்" என்றுதான் தரநிலை கேட்கிறது, எண் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

அதனால் கேள்வியை இப்படி மாற்றலாமா: "ஐஎஃப்ஆர்எஸ் 16-க்கு மாறிய ஆண்டில், குத்தகைப் பொறுப்பின் வேறுபாட்டை எண்களோடு விளக்கிய கம்பெனிகளும் வாசகமாக மட்டும் விளக்கிய கம்பெனிகளும் கடன் சுமையில் வேறுபடுகின்றனவா?"

பேரேடு:

இது கேள்வி. தேதி இருக்கிறது, வரி இருக்கிறது, நிர்வாகத்தின் தேர்வு இருக்கிறது, பதில் இரண்டு பக்கமும் வரலாம். அறிக்கைகளைத் திறந்ததால்தான் இது கிடைத்தது, பாருங்கள்.

வழிகாட்டியிடம் போகும் முன் மூன்றைச் சரிசெய்யுங்கள். கடன் சுமையை மாற்றத்துக்கு முந்தைய ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுங்கள். மாறிய ஆண்டின் எண்ணில் புதிய குத்தகைப் பொறுப்பே ஏறியிருக்கும், அதை வைத்துக் கேட்டால் காரணமும் விளைவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அடுத்து, கம்பெனியின் அளவையும் தணிக்கை நிறுவனத்தையும் கட்டுப்பாட்டு மாறிகளாக வையுங்கள். பெரிய கம்பெனி எப்படியும் விரிவாக எழுதும், ஒரே தணிக்கை நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் ஒரே மாதிரி அட்டவணை இருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது, முந்தைய ஆண்டுகளையும் முழுதாகத் திருத்தி மாறிய கம்பெனிகளுக்கு 12-ஆம் பத்தி பொருந்தாது. அவை விளக்கம் தராததை மௌனம் என்று எண்ணிவிடாதீர்கள். தரநிலையை 2019-க்கு முன்பே ஏற்ற கம்பெனிகளும் சில இருக்கும், அவற்றுக்கு மாறிய ஆண்டு வேறு. இரண்டு வகையையும் தனியாகப் பிரித்து, எத்தனை கம்பெனி எந்தக் காரணத்தால் நீங்கின என்று மாதிரித் தேர்வு அட்டவணையில் காட்டுங்கள். அந்த அட்டவணை தயாரானதும் இங்கே போடுங்கள், எல்லோருமாகப் பார்ப்போம்.